தீக்குச்சியும் கைப்பேசியும்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி தனி ஊசலின் 20 அலைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று முறை எண்ணிக்கை தவறிற்று. பைக்குள் அவளுடைய கைப்பேசி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. "எங்கே இருக்கிறாய்? யாரோடு பேசுகிறாய்? ஏன் பதில் இல்லை?" என்று தொடங்கி வசைமொழியில் முடிந்த செய்திகள் அவை. அனுப்பியவன் அவளைக் காதலிப்பதாகச் சொன்னவன். "நேரில் ரொம்ப நல்லவன் சார்" என்றாள்.

நேரில் நல்லவனாக இருப்பவன் திரையில் ஏன் இப்படி மாறுகிறான்? உளவியலார் கூறும் சில காரணங்களைக் காண்போம்.

கண்களின் தடை

சிவகாசித் தீப்பெட்டியைப் பாருங்கள். பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலையில் இருக்கிறது. சிவப்புப் பாஸ்பரஸோ பெட்டியின் பக்கத்தில் பூசப்பட்டிருக்கிறது. இரண்டும் பிரிந்திருப்பதால்தான் அதை அச்சமின்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம். கோபத்துக்கும் சொல்லுக்கும் இடையிலும் இத்தகைய பிரிவு வேண்டும். நேரில் பேசும்போது எதிரில் இருப்பவரின் கண் கலங்கினால் நம் நாக்கு தானே அடங்குகிறதல்லவா? திரையில் அந்தத் தடை இல்லை.

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாபிடாட்-லெஃப்லர், பராக் ஆகியோர் 142 பேரை இருவர் இருவராகக் கணினி வழியே விவாதிக்கச் செய்தனர். 2012இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, பெயர் தெரியாமையைவிட, கண்ணோடு கண் பார்க்க இயலாமையே கடுஞ்சொற்களை மிகுதியாகத் தூண்டிற்று. நன்கு அறிந்தவரையே சிலர் ஏன் ஏசுகிறார்கள் என்பது இதனால் ஓரளவு விளங்கும்.

வீறிடும் ஒலிபெருக்கி

அடுத்த காரணம், 'விட்டுப் போய்விடுவாளோ' என்னும் அச்சம். அதைத் தணிக்கவே அவன் வேவு பார்க்கிறான். ஆனால் தணிகிறதா? கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தார் 308 மாணவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. முகநூலில் அதிக நேரம் செலவிட்டவர்களிடம் பொறாமையும் அதிகம். பார்க்கப் பார்க்கச் சந்தேகம். சந்தேகம் வளர வளர மீண்டும் பார்வை!

விருதுநகர் பங்குனிப் பொங்கலில் ஒலிபெருக்கி திடீரென வீறிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கிக்குள் புகுந்து, மீண்டும் மீண்டும் பெருகுவதே அது. இயற்பியலில் இதை நேர்ப் பின்னூட்டம் என்போம். கடவுச்சொல்லைக் கொடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நம்புவது, ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுபோவதைப் போன்றது.

மௌனம் யாருக்கு உதவுகிறது?

வசை மிரட்டலாக முற்றுவதும் உண்டு. பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களிடம் நட்பாகப் பழகி, வன்கொடுமை செய்து, காணொளி எடுத்து மிரட்டியது. பாதிக்கப்பட்டவர்களின் கூச்சமும் அச்சமுமே அக்கும்பலுக்குப் பலமாக இருந்தன. 2019இல் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தாள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. தவறு செய்தவர்தாம் வெட்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவர் அல்லர்.

மாணவ நண்பர்களே! கோபம் வந்தால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சற்றே நடந்துவிட்டு வாருங்கள். அந்த இடைவெளியே உங்கள் பாதுகாப்புத் தீப்பெட்டி. யாரேனும் உங்களை மிரட்டினால் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் காட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கு 1930.

எங்கள் மாணவி தன் தாயாரிடம் சொன்னாள். அடுத்த வாரம் 20 அலைவுகளையும் தவறாமல் எண்ணி முடித்தாள்.