வாட்ச் எழுந்து நிக்கச் சொல்லுது

போன மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோட டவுனுக்குப் போயிருந்தேன். ஜவுளிக்கடையில நம்ம வேலை என்னன்னு தெரியும்ல? பையைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் போயிருக்கும். கையில கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் அதிர்ந்தது: ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கேனாம், எழுந்து நிக்கணுமாம். எதிரே புடவையை விரிச்சுக் காட்டிட்டிருந்த அக்கா காலையில ஒன்பதரையிலிருந்து நிக்கிறாங்க. ராத்திரி ஒன்பதரைக்குத்தான் கடை அடைப்பாங்க.

நமக்கு வர்ற ஹெல்த் டிப்ஸ் எல்லாம் யாரை மனசுல வச்சு எழுதினதுன்னு அப்போதான் யோசிச்சேன். தினமும் 10,000 ஸ்டெப்ஸ் நட, நிறைய தண்ணி குடி, ஒரே இடத்துல உட்காராதே. (அந்த 10,000கூட ஆராய்ச்சியில வந்த எண் இல்லை. 1965-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரோட பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம் வர்ற மாதிரி வச்சிருந்தாங்க. அங்கிருந்து பரவினது.) இதெல்லாம் தன்னோட நேரம் தன் கையில இருக்கிறவங்களுக்கான அட்வைஸ்.

உட்கார்றதுதான் கெடுதல்னா, நாள் முழுக்க நிக்கிறவங்க நம்மளைவிட ஆரோக்கியமா இருக்கணுமே? அங்கேதான் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வருது. இதயத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவுல உயரம் சுமார் 1.2 மீட்டர். ரத்தத்தோட அடர்த்தி 1060 கி.கி./க.மீ. ρgh போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 90 மி.மீ. பாதரசம் வரும். அசையாம நிக்கும்போது கணுக்கால் சிரையில இருக்கிற அழுத்தம் கிட்டத்தட்ட அதுதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி சிரையைப் பிழியுது, ரத்தம் மேலே ஏறுது. உள்ளே இருக்கிற வால்வுகள் அதைத் திரும்பக் கீழே விடாது. நம்ம லேப்ல பார்த்த நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரியேதான். நாலு அடி நடந்தாலே அழுத்தம் 30-க்குப் பக்கத்துல இறங்கிடும். நின்ன இடத்துலயே நின்னா பம்ப் ஓடாது, மொத்தப் பளுவும் கீழேயே தங்கிடும்.

இப்படி வருஷக்கணக்கா போனா சிரை விரிஞ்சு வால்வு கசிய ஆரம்பிக்கும். கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கும். சிலருக்குக் கணுக்கால் பக்கத்துல ஆறாத புண் வரைக்கும் போகும். நடக்கிறதும் நிக்கிறதும் ஒண்ணு இல்லை.

அடுத்தது தண்ணி. இந்த அட்வைஸ் சரியானதுதான். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வர்ற 140 பெண்களை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2018-ல வெளிவந்தது. அதுல தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிச்சவங்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சது. ஆனா பாத்ரூம் போக சூப்பர்வைசர்கிட்ட கேட்கணும், கவுன்டர்ல மாத்தி நிக்க ஆள் வரணும், ரெண்டு மாடி ஏறணும்னா ஒருத்தங்க என்ன பண்ணுவாங்க? தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்குவாங்க. டாக்டர் சீட்டுல அது 'தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கம்'னு பதிவாகும். பழக்கமா அது?

பழக்கத்தை எல்லாம் கணக்குல எடுத்துட்டாலும் மிச்சம் ஒண்ணு இருக்கு. லண்டன்ல 1967-ல தொடங்கின வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனிச்சது. யாரும் பட்டினி கிடக்கிறவங்க இல்லை. இலவச மருத்துவம் எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால இறந்த விகிதம் மேல்நிலை அதிகாரிகளைவிட சுமார் மூணு மடங்கு. கீழ்நிலையில சிகரெட் அதிகம்தான். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பிறகும் பெரிய வித்தியாசம் அப்படியே நின்னது. தன் வேலை மேல தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்குங்கிறது அதுல ஒரு முக்கியமான காரணம்னு பின்னாடி மைக்கேல் மார்மட் எழுதினார்.

நாற்காலி விஷயத்துக்கு வருவோம். பிரிட்டன்ல 1899-லயே மூணு விற்பனைப் பெண்களுக்கு ஒரு இருக்கை போடணும்னு சட்டம் வந்துடுச்சு. நம்ம நாட்டுல தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 44, நின்னு வேலை செய்ற தொழிலாளிக்கு உட்கார வசதி வேணும்னு சொல்லுச்சு. கடைகள் மட்டும் விட்டுப்போச்சு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பார்த்த விஜி, முதல்ல கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுப் போராடினாங்க, அப்புறம் உட்கார்ற உரிமைக்கு. 2018-ல கேரளா சட்டத்தைத் திருத்துச்சு. 2021-ல தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். மீறினா தொழிலாளர் துறையில புகார் கொடுக்கலாம். இந்தியாவுல ரெண்டாவது மாநிலமா வந்தோம், அதுல எனக்குப் பெருமைதான்.

அன்னைக்கு அந்தக் கடையிலயும் கவுன்டருக்குப் பின்னாடி ஸ்டூல் இருந்தது. அதுமேல பிரிக்காத புடவைக் கட்டு அடுக்கியிருந்தாங்க. "உட்காருங்கக்கா, அம்மா செலக்ட் பண்ண இன்னும் நேரம் ஆகும்"னு சொன்னேன். அவங்க மேலே கேமராவை ஒரு பார்வை பார்த்துட்டு, "பரவாயில்ல தம்பி, பழகிடுச்சு"ன்னாங்க.

பில் போடப் போகும்போது அம்மா அவங்க காலைக் கவனிச்சிருக்காங்க. "என்னம்மா இப்படிச் சுருட்டிக்கிட்டிருக்கு, டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன்மா. ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னாரு" என்று சொல்லிட்டு, அடுத்து வந்தவங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க.