நேரலை நாயகர்கள் – 9: தாமலில் விழுந்தவர்

போன வாரம் பப்ஜி மதனோடு நிறுத்தினோம். தடை செய்யப்பட்ட விளையாட்டை விபிஎன் வழியாக ஆடிக்கொண்டே நேரலையில் வசைமாரி பொழிந்தவர், 2021 ஜூன் 18ஆம் தேதி தருமபுரியில் பிடிபட்ட கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. விடாமல் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் இவர்களின் வருமானத்தைப் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். காசுக்கு முன்னால் புகழைப் பேசியாக வேண்டும். புகழைப் பேசப் போனால், காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு ஊர்கள் வழிமறிக்கின்றன. ஒன்று தாமல், இன்னொன்று புள்ளலூர்.

தாமலில் நடந்தது நாடறிந்த சங்கதி. 2023 செப்டம்பர் 17. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், மகாராஷ்டிரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார் டிடிஎஃப் வாசன். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் இவர் யாரென்று பெற்றோருக்கு விளக்கமாகச் சொல்வார்கள். கோவை மாவட்டத்து இளைஞர், யூடியூபில் பைக் ஓட்டிப் பெயரெடுத்தவர். தாமல் அருகே அவருடைய சுசுகி ஹயபுசாவின் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. தரையில் இறங்கும்போது வண்டி கைமீறியது. ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று சாலையோரம் போய் விழ, கையில் எலும்பு முறிவு. இரண்டு நாள் கழித்து பாலுசெட்டி சத்திரம் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, அதாவது பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவது. கூடவே 308, மரணம் விளைவிக்கக்கூடிய செயலுக்கான முயற்சி. பிரிவுகள் கனமானவைதான். ஆனால் அவற்றின் பார்வை முழுக்கச் சாலை மீதே இருந்தது, கேமரா மீது இல்லை. அதனால்தான் அந்த வழக்கு மனிதரைத் தண்டித்ததே தவிர அவருடைய புகழைத் தொடவில்லை. பார்க்கப்போனால் ஊட்டி வளர்த்தது. இந்த வாரம் நான் நிறுவ நினைப்பது இது ஒன்றைத்தான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2022 செப்டம்பரில் இன்னொரு யூடியூபரான ஜி.பி.முத்துவைப் பின்னால் உட்காரவைத்து, கோவைச் சாலையில் அதிவேகமாகப் பறந்த வீடியோ வந்தது. முத்து தலையில் ஹெல்மெட் இல்லை. பயத்தில் அவர் போட்ட கூச்சல்தான் அந்த வீடியோவின் மொத்தச் சரக்கும். கோவை போலீசார் வழக்குப் போட்டார்கள். விளைவு என்ன? ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2023 ஜூன் 29ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளில், ‘மஞ்சள் வீரன்’ என்ற படத்தின் நாயகனாக அறிவிக்கப்பட்டார். அடுத்து தாமல். அக்டோபர் 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சி.வி.கார்த்திகேயன், பைக்கை எரித்துவிட்டு யூடியூப் தளத்தையும் மூடிவிட வேண்டும் என்ற பொருளில் கடுமையாகச் சொல்லி ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்தார். மறுநாள் முதல் 2033 அக்டோபர் 5 வரை பத்து ஆண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமம் செல்லாது என்று காஞ்சிபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அறிவித்தது. நவம்பர் தொடக்கத்தில் ஜாமீன் கிடைத்துப் புழல் சிறையிலிருந்து வெளியே வந்தார். வாசலில் மைக்குகள் காத்திருந்தன. 2024 மே மாதத்தில் செல்போனில் பேசியபடி கார் ஓட்டிய வீடியோவுக்காக மதுரையில் கைது, ஜூலையில் திருமலை தரிசன வரிசையில் எடுத்த குறும்பு வீடியோவுக்காக இன்னொரு சர்ச்சை. ‘மஞ்சள் வீரன்’ கைநழுவிப் போனாலும் வேறொரு படம் அமைந்தது. அதன் பெயர் ‘ஐபிஎல்’. கிரிக்கெட் இல்லை, ‘இந்தியன் பீனல் லா’! எந்தச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் போனாரோ, ஏறக்குறைய அதன் பெயரிலேயே ஒரு கதாநாயகன் வேடம். ஒவ்வொரு வழக்கும் அவருக்கு ஓர் அத்தியாயமாகிவிட்டது.

ஜாமீன் மனுவில் அவர் தரப்பு சொன்ன விளக்கம் ஒன்று உண்டு. சாலையின் குறுக்கே மாடு வந்தது, மோதாமல் இருக்கப் பிரேக் பிடித்தார், அதனால் சக்கரம் தூக்கிக்கொண்டது என்றார்கள். பைக் மெக்கானிக் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் பாயும். முன் ஃபோர்க் அமுங்கும். மிஞ்சிப்போனால் பின்சக்கரம்தான் தூக்கும். முன்சக்கரம் எழும்ப வேண்டுமென்றால் நேர்மாறாக, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு வேகம் பாய்ந்து, பாரம் பின்னால் சரிந்து, முன்பக்கம் லேசாகிவிடும். வீலிங் என்று பையன்கள் சொல்வது இதைத்தான். எழும்பிய சக்கரம் நேராக இறங்கினால் பிழைத்தோம். கொஞ்சம் கோணினாலும் ஹேண்டில் உதறித் தள்ளிவிடும். தாமல் காட்சியில் எந்தச் சக்கரம் எழும்பியது என்பதை நாடே திரும்பத் திரும்பப் பார்த்தது. நீதிமன்றத்தில் மாடு வாதம் எடுபடவில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்த வாதத்தை முறியடித்த சாட்சியமும், அவருடைய பெயரை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த விளம்பரமும் ஒரே வீடியோதான். செய்திச் சேனல்கள் அதை நாளெல்லாம் ஓட்டின, மெதுவாகவும் வேகமாகவும், வட்டம் போட்டுக் காட்டியும்.

இங்கேதான் புள்ளலூர் வந்து நிற்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இந்த ஊரில்தான் நொறுக்கினார்கள். குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த பெய்லி, காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோவுடன் சேர வேண்டும் என்பது திட்டம். மன்றோ கூப்பிடு தூரத்தில் இருந்தும் உரிய நேரத்துக்கு வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடிக்க, எல்லாம் முடிந்தது. சிறைபிடிக்கப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். இதுவரை பாடப்புத்தகம். என்னை இந்த வாரம் பிடித்து ஆட்டுவது அதற்குப் பின்னால் நடந்தது. திப்பு 1784இல் இந்தப் போரை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்க வரைய வைத்தார். அதில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து பதற்றத்தில் விரலைக் கடிக்கிறார். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. திப்புவோ சண்டைக்கு நடுவே நிதானமாகப் பூவை முகர்கிறார். குருதி கொட்டும் களத்தில் ரோஜா முகர்பவர்! தன் பிம்பத்தைத் தானே அமைக்கத் தெரிந்த ஆள் என்றால் இவர். இதே காட்சியைக் காகிதத்தில் தீட்டிய சுமார் 32 அடி நீளமுள்ள ஓவியம் ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் சோதபி ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது.

புள்ளலூருக்கு இந்த ராசி திப்புவுக்கு முன்பே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இங்கே தன் முக்கிய எதிரிகளை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. எதிரி யார் என்று பெயர் சொல்லவில்லை. அது இரண்டாம் புலிகேசியாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் ஊகம். புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவன் தன் படை கிளப்பிய புழுதியில் மறைந்து காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறது. இரு தரப்பும் அவரவர் செப்பேட்டில், அவரவர் கல்லில் ஜெயித்துக்கொண்டார்கள். இதுகூடப் பழக்கமான சமாசாரம்தான். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அந்தச் சுவரோவியம் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டிருந்தது. அதை மறுபடி தீட்டச் சொன்னது யார் தெரியுமா? திப்புவை வீழ்த்திய படையில் இருந்தவரும், அந்த மாளிகையிலேயே குடியேறியவருமான ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவாகி நெப்போலியனை வென்றாரே, அவர்தான். மறுபடி மங்கியபோது 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி புதுப்பிக்கச் சொன்னார். தங்கள் படை கேவலமாகத் தோற்ற காட்சியைத் தங்கள் செலவில் ஆங்கிலேயர் காப்பாற்றியிருக்கிறார்கள். எதிராளியின் பெருமையை அழியாமல் வைத்தால்தான் அவனை வென்ற பெருமை நிற்கும் என்ற கணக்காக இருக்கலாம். காரணம் எதுவானாலும், திப்புவின் பூவை இன்றும் நாம் பார்க்கிறோம் என்றால் அது அவருடைய எதிரிகளின் கைங்கரியம்.

தாமலுக்குத் திரும்பினால் வெல்லெஸ்லிகள் யார் என்பது புரியும். கண்டனம் தெரிவித்த சேனல்கள், எச்சரிக்கைக்காக அதே காட்சியைப் பகிர்ந்தவர்கள், சிறை வாசலில் மைக் நீட்டியவர்கள். யாருமே அவரை ஆதரிக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் சுவரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மதன் வழக்கில் இது நடக்கவில்லை. அங்கே குற்றமே ஒளிபரப்புதான், வசைதான் வழக்கு. முன்ஜாமீன் விசாரணையில், அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடுங்கள் என்று அவருடைய வக்கீலிடமே உயர் நீதிமன்றம் சொன்னது. காவல்துறை சேனல்களை முடக்க முயன்றது. நிர்வாகியாக இருந்த மனைவியும் கைதானார். அந்த வசைகளைச் செய்தியில் திருப்பிப் போடவும் வழியில்லை, பீப் ஒலிதான் மிஞ்சும். அந்தப் பெயர் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. ஒருவரைச் சட்டம் சாலையில் பிடித்தது, இன்னொருவரை ஒளிபரப்பில் பிடித்தது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

சினிமா நாயகர்கள் ஓட்டாத வண்டியா, அவர்களை விட்டுவிட்டு இந்தப் பையனை ஏன் பிடிக்கிறீர்கள் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. சண்டைக் காட்சிக்கு அனுமதி வாங்குவார்கள், சாலையை அடைப்பார்கள், பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர் ஓட்டுவார், படம் தணிக்கைக்குப் போகும். பைக் ஓட்டியபடி எடுக்கும் மோட்டோ விலாக்கில் சாலை திறந்தே இருக்கிறது. தாமல் பக்கத்தில் பால் கேனோடு மொபெட்டில் போகிறவரும், எதிர்த்திசையில் வரும் ஷேர் ஆட்டோவும் அந்தப் படத்தில் சம்மதம் கேட்கப்படாத துணை நடிகர்கள். இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது: ஈசிஆரில் இரவுப் பந்தயம் விடும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கூட வெளியே வருவதில்லையே, ஊர்ப்புறத்துப் பையன் என்பதால்தானே இவரை மட்டும்? இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பாரபட்சமே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஓட்டிய எல்லோரையும் பிடித்தால் அது போக்குவரத்து நடவடிக்கை. முகம் தெரிந்த ஒருவரை மட்டும் பிடித்தால் அது அவருக்குக் கிடைக்கும் பட்டம்.

அப்படியானால் சேனலை மூடிவிடலாமா? நீதிபதியின் கோபம் புரிகிறது, ஆனாலும் இதில் எனக்கு உடன்பாடில்லை. லடாக் பயணமும் மலைச்சாலைப் பேச்சும் குற்றமல்ல. ஒரு வீடியோவுக்காக மொத்த வாயையும் தைப்பது நாளைக்கு வேறு யார் வாய்க்கோ ஊசியாகும். வேண்டியது அதைவிடச் சின்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆவது பிரிவு, அபாயகரமாக ஓட்டத் தூண்டுபவருக்கும் ஓட்டியவருக்குரிய தண்டனையே என்கிறது. தூண்டுதல் என்பதை இந்தக் காலத்துக்குப் பொருத்திப் படித்தால் கேமராவும் அதற்குள் வரும்: வழக்குக்கு உள்ளான காட்சி எதுவோ அது மட்டும் காசு பார்க்கக் கூடாது, பரிந்துரையில் மேலே வரக் கூடாது. தப்பு பார்க்கிற பிள்ளைகள் மேல், அவர்களைப் பெற்றவர்கள் மேல் என்பவர்களுக்கும் இதுவே பதில். பெற்றோரைச் சட்டம் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வாசனைக் காப்பாற்றியது லட்சங்கள் விலையுள்ள பாதுகாப்பு உடை என்பதை அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. அவரைப் பார்த்துத் தவணையில் வாங்கிய பைக்கைத் தூக்கும் பையன் போட்டிருப்பது டீ-ஷர்ட். ஓட்டியவர் சிறைக்குப் போய் வந்தார், பெற்றவர் அபராதம் கட்டுகிறார், பார்த்தவன் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். அந்தக் காட்சி ஓடிய ஒவ்வொரு முறையும் விளம்பரக் காசில் பங்கு எடுத்துக்கொண்ட நிறுவனத்தை மட்டும் எந்த ஸ்டேஷனுக்கும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கவில்லை.

வாக்குக் கொடுத்த வருமானக் கணக்கு இப்படி மறுபடியும் தள்ளிப்போகிறது. பக்கம் நிரம்பிவிட்டது, அச்சுக்குப் போகும் நேரமும் வந்துவிட்டது. விளம்பரத்தில் யூடியூபுக்கு எவ்வளவு, ஓட்டுபவருக்கு எவ்வளவு, சூப்பர் சாட் எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் நிற்கவிடக் கூடாது என்று பராந்தகச் சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவதாக உத்தேசம், வழியில் வேறு ஊர் எதுவும் மறிக்காமல் இருந்தால்.

(தொடரும்)