தலை போன விண்டோவும் அம்மம்மாவின் கல்வெட்டும்

போன எபிசோட்டில் பழைய லாப்டாப்பில் லினக்ஸ் போடுவதைப் பற்றிப் பேசினோமே, அதில் நான் சொல்லாமல் விட்ட கதை இது.

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபரில் முடிந்ததும், பாட்டனி டவுன்ஸ் வீட்டில் அம்மாவின் லாப்டாப்பில் லினக்ஸ் மின்ட் மாட்டே போட்டுக் கொடுத்தேன். தம்பிக்காகக் காம்பிஸையும் ஆன் பண்ணிவிட்டேன். விண்டோவை இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும், அதுக்காகத்தான்!

ஒரு நாள் நான் வேலையில் இருக்கும்போது அம்மா ஃபோன் எடுத்தா. “பிள்ளை, பெட்டி ஒண்டுக்கும் தலையைக் காணேல்ல. மூடவும் ஏலாது, நகத்தவும் ஏலாது. ஓஃப் பண்ணிப்போட்டு திருப்பிப் போடவோ?”

“ஐயோ அம்மா, வேண்டாம்!” அவ அப்போது அடித்துக்கொண்டிருந்தது அம்மம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டு. மூன்று தலைமுறைப் பெயர்கள். சேவ் பண்ணவேயில்லை.

முதலில் ஏன் இப்படி நடக்குது என்று பார்ப்போம். எக்ஸ்11-இல் ஒரு ஆப் பெரும்பாலும் தன் உள்பக்கத்தை மட்டுமே வரையும். மேலே உள்ள டைட்டில் பாரும் சுற்றியுள்ள ஓரமும் விண்டோ மேனேஜரின் வேலை. காம்பிஸ் அந்த வேலையையும் இன்னொரு சின்ன புரோகிராமிடம் கொடுத்துவிடும். அதன் பெயர் டெகரேட்டர். அது விழுந்தால் தலை மட்டும் போகும், உள்ளே இருக்கும் ஆப்புக்கு ஒன்றும் ஆகாது. தன் தலையைத் தானே வரையும் சில ஆப்கள் இருக்கு, அவை மட்டும் வழமை போல் தெரியும். அப்படித் தெரிந்தால் கோளாறு டெகரேட்டரில்தான் என்று சந்தேகப்படலாம்.

ஃபோனில் அம்மாவுக்குச் சொன்னது இதுதான்:

1. முதலில் கன்ட்ரோல்-எஸ். தலை இல்லாவிட்டாலும் சேவ் ஆகும்.

2. ஆல்ட்-எஃப்2 அமத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கில எழுத்தில் மார்கோ, ஒரு இடைவெளி, இரண்டு சிறு கோடு, அதோடு ஒட்டி ரிப்ளேஸ். பிறகு என்டர்.

மார்கோ என்பது மாட்டேயின் சொந்த விண்டோ மேனேஜர். அது காம்பிஸின் இடத்தைப் பிடிக்கும், திறந்திருக்கும் ஆப் எதையும் மூடாது. லாக் அவுட் செய்தால் எல்லாம் மூடிவிடும்.

“ஆ, வந்திட்டுது!” என்றா அம்மா.

வீட்டுக்கு வந்து காம்பிஸ் செட்டிங்ஸைத் திறந்தேன். ‘விண்டோ டெகரேஷன்’ டிக் இல்லை. தம்பி எதையோ நோண்டியிருக்கிறான். டிக் போட்டுவிட்டு, அதற்குள் கமாண்ட் கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிடிகே விண்டோ டெகரேட்டரின் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காம்பிஸ் 2006-இல் நாவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் வெளியிட்டது. உபுண்டு 7.10-இல் அது டிஃபால்ட்டாகவே வந்தது. அதனால் நீங்கள் தேடினால் எமரால்ட், பெரில் என்று அந்தக் காலத்துக் கமாண்டுகள் நிறைய வரும். அப்படியே காப்பி பண்ணாதீர்கள். வேலண்டில் இந்த ரிப்ளேஸ் வழி சரிவராது, அங்கே அமைப்பே வேறு.

கல்வெட்டு அச்சுக்குப் போய்விட்டது. அம்மாவின் லாப்டாப்பில் இப்போது மார்கோ மட்டும்தான். ஜெல்லி வேண்டுமென்றால் தம்பி தன் லாப்டாப்பில் ஆட்டட்டும்.