கண் பார்த்த காலம், கணக்குப் பார்க்கும் காலம்

1995 கோடையில் இங்கிலாந்தின் விகன் ஊருக்கு மூன்று ஸ்பானிய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள்: ராபர்ட்டோ மார்ட்டினெஸ், ஹெசூஸ் செபா, இசித்ரோ தியாஸ். விகன் ரக்பி ஊர். அங்கே கால்பந்துக்குக் கூட்டம் கொஞ்சம்தான். கிளப் இருந்தது மூன்றாம் டிவிஷனில். பெயர்தான் மூன்றாவது, பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்துபோன பிறகு அது உண்மையில் நான்காவது தட்டு. பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் இருக்கிற நாட்டை விட்டு அங்கே ஒருவன் எதற்குப் போவான்? காரணம் ஒரு கடை முதலாளி. விளையாட்டுச் சாமான் கடைகள் நடத்திப் பெரும் பணம் சேர்த்த டேவ் வீலன் அந்த ஆண்டுதான் கிளப்பைத் தன் கைக்குக் கொண்டுவந்திருந்தார். ஸ்பெயினில் அவருக்குத் தொழில் தொடர்பு இருந்தது. அங்கே நன்றாக ஆடுகிற பையன்கள் இருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது; பேசி முடித்துக் கூட்டிவந்துவிட்டார்.

இன்று அதே மார்ட்டினெஸ், அதே 22 வயதில், அதே விகனுக்கு வர முடியுமா? பெரும்பாலும் முடியாது. 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் பயனாக, ஸ்பெயின்காரரும் செனகல்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அயர்லாந்துக்காரருக்கு மட்டும் விலக்கு. மற்ற எல்லோரும் 15 புள்ளி சேர்க்க வேண்டும். தன் நாட்டு அணி ஆடிய ஆட்டங்களில் எத்தனை சதவீதம் களத்தில் இருந்தார், இதுவரை ஆடிய லீக் ஆறு தரங்களில் எதில் வருகிறது, அதில் எவ்வளவு நேரம் ஆடினார், அவருடைய கிளப் எந்த இடத்தில் முடித்தது, கண்டக் கோப்பைகளில் ஆடியதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மார்ட்டினெஸ் வந்தது பலகேர் என்ற சிறு ஊர்க் கிளப்பிலிருந்து. இந்த அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே சுழியம் விழுந்திருக்கும்.

அப்படி விழுந்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்காது என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் ஆறு பருவம் விகனில் ஆடினார். அணி 1997இல் டிவிஷன் பட்டத்தை வென்று மேலேறியது. 2009இல் மேலாளராகத் திரும்பி வந்தவர், 2013இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியைத் தோற்கடித்தார். 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்தை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோன பயிற்சியாளரும், 2023இல் போர்ச்சுகல் அணியின் பொறுப்பை ஏற்றவரும் அவரே.

பழைய காலத்தில் கதவு எப்போதும் திறந்தே கிடந்தது என்று சொல்லவில்லை. 1930இல் ஆஸ்திரிய கோல்கீப்பர் ரூடி ஹிடனை ஆர்சனல் கேட்டபோது அரசின் தொழிலாளர் துறை மறுத்துவிட்டது. மறுவருடமே கால்பந்துச் சங்கம், இரண்டு ஆண்டு பிரிட்டனில் குடியிருந்தால்தான் அயல்நாட்டான் ஆடலாம் என்று விதி போட்டது. இரண்டு ஆண்டு வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டு காத்திருக்க யாரால் முடியும்? போர்க்கைதியால் முடிந்தது! ஜெர்மன் படைவீரர் பெர்ட் ட்ரவுட்மன் லங்காஷயரில் கைதியாக இருந்து, ஊர் திரும்ப மறுத்து, செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற உள்ளூர் அணிக்கு கோல்கீப்பராக நின்று, அங்கிருந்து 1949இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார்.

அந்த விதி 1978இல்தான் நீங்கியது. டாட்டன்ஹாம் அர்ஜென்டினாவிலிருந்து அள்ளிவந்த ஆர்டிலெஸ், வில்லா இருவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, அதே கோடையில் இரண்டாம் டிவிஷன் அணியான ஷெஃபீல்ட் யுனைடெட் செய்த வேலை. மேலாளர் ஹாரி ஹஸ்லம் அர்ஜென்டினாவில் 17 வயது மரடோனாவைப் பார்த்து ஆசைப்பட்டார். விலை கட்டுபடியாகவில்லை. 1,60,000 பவுண்டுக்கு ரிவர் பிளேட்டின் அலெஹாந்த்ரோ சபெல்லாவோடு திரும்பினார். முதல் பருவ முடிவிலேயே அணி கீழே இறங்கியது. ஆக, பந்தைத் தரையிலேயே வைத்து ஆடிப் பழகிய ஓர் அர்ஜென்டினாக்காரர், பந்து தலைக்கு மேலேயே பறக்கும் ஆங்கில மூன்றாம் டிவிஷனில் ஒரு வருடம் ஆட வேண்டியதாயிற்று. 2014 உலகக் கோப்பை இறுதியில் மெஸ்ஸியின் அணிக்குப் பயிற்சியாளராக நின்றவர் இவர்தான்.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பா முழுவதும் ஆட்டக்காரர்களுக்கு வழிவிட்ட தீர்ப்பே ஒரு கீழ்த்தட்டு வெளிநாட்டு ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். 1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்த ஜான்-மார்க் போஸ்மான் போக விரும்பியது மிலானுக்கோ மாட்ரிட்டுக்கோ அல்ல. பிரெஞ்சு இரண்டாம் டிவிஷனில் இருந்த டன்கர்க்குக்கு. லியேஜ் விடவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1995 டிசம்பர் 15இல் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவரைத் தொகை கேட்டுப் பிடித்துவைக்கக் கூடாது, ஒன்றியக் குடிமக்களுக்கு எண்ணிக்கை வரம்பும் கூடாது என்றார்கள். அதற்குள் போஸ்மானின் ஆட்ட வயது கடந்துபோயிருந்தது. பலன் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு.

ஒன்றியத்துக்கு வெளியே பிறந்தவருக்கு அப்போதும் பாடுதான். நமக்கு நன்றாகத் தெரிந்த சாட்சி பாய்ச்சுங் பூட்டியா. சிக்கிமின் டின்கிடாம் கிராமத்தில் பிறந்து, ஈஸ்ட் பெங்காலில் பேர் வாங்கியவர். ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம், ஆஸ்டன் வில்லா என்று வரிசையாகத் தேர்வாட்டம் ஆடிப் பார்த்தார்; எதுவும் அமையவில்லை. விசாவும் இழுத்தடித்தது. கடைசியில் 1999 செப்டம்பரில் மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பெரி கிளப் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. இரண்டாம் டிவிஷன், அதாவது மூன்றாவது தட்டு. ஊரோ பழைய பஞ்சாலை ஊர். கிளப்போ 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பை வாங்கி, அந்தப் பெருமையிலேயே நூறாண்டு ஓட்டியது.

அவர் விட்டுப்போன இந்தியாவில் தேசிய லீக் என்ற ஒன்று தொடங்கியே மூன்று வருடம் ஆகவில்லை. போய்ச் சேர்ந்த டிவிஷனில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம். சனிக்கிழமை ஆடிவிட்டுச் செவ்வாய் இரவு பஸ்ஸில் வேறு ஊர் போக வேண்டும். குளிர் சிக்கிம்காரரை ஒன்றும் செய்திருக்காது என்றே நினைக்கிறேன். ஜனவரிச் சேறும், முதுகில் ஏறி நிற்கும் டிஃபெண்டர்களும் வேறு சங்கதி. அக்டோபர் 3இல் கார்டிஃப் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். முதல் கோல் விழ 2000 ஏப்ரல் வரை, செஸ்டர்ஃபீல்ட் ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூன்றாவது பருவத்தில் மூன்றே ஆட்டம். கிளப் கடனில் மூழ்கித் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. மொத்தம் 37 ஆட்டம், மூன்று கோல்.

எண்ணிக்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1936இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம், காலில் கட்டுப்போட்டு வெறுங்காலோடு செல்டிக் இரண்டாம் அணிக்கு ஓரிரு ஆட்டம் ஆடி, வீட்டு நினைப்பு தாங்காமல் கப்பலேறித் திரும்பிய பிறகு, அறுபது ஆண்டுக்கு மேல் அந்தப் பக்கம் தொழில்முறையில் கால்வைத்த இந்தியர் வேறு யாருமில்லை. பூட்டியாவுக்குப் பிறகு 2009இல் சுனில் சேத்ரியை லண்டனின் க்யூ.பி.ஆர். எடுக்க விரும்பியது. இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70க்குள் இல்லை என்று வேலை அனுமதி மறுத்தார்கள். அவர் காலில் என்ன இருக்கிறது என்பது பேச்சாகவே இல்லை. இன்றைய புள்ளிக் கணக்கில் இந்தியருக்கு வழி இன்னும் குறுகல்.

2023இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். புள்ளி போதாத சிலரையும் சேர்த்துக்கொள்ளலாம்: மேல் இரண்டு தட்டுக் கிளப்புக்கு நான்கு பேர் வரை, அடுத்த இரண்டு தட்டுக்கு இரண்டு பேர் வரை. அந்த இடமும் இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு நேரம் களம் கொடுத்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கும். உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு மைதானத்துக்குள் வழிவிடத்தானே இத்தனையும் என்று இங்கிலாந்துக்காரர்கள் கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வடிகட்டி ஏற்கெனவே பெயர் எடுத்தவரைத்தான் உள்ளே விடுகிறது. பெயர் எடுக்கத்தானே கீழ்த்தட்டுக்கு வருகிறார்கள்?

எப்படியோ உள்ளே வந்துவிட்டவரின் வாழ்க்கை மட்டும் நிச்சயம் மாறியிருக்கிறது. முன்பு அம்மாவின் குரலுக்காக போன் கார்டு வாங்கினார்கள். இப்போது டிரெஸ்ஸிங் ரூமிலிருந்தே வீடியோவில் முகம் பார்க்கிறார்கள். கோச் கத்தியது புரியாவிட்டால் செல்போன் மொழிபெயர்த்துச் சொல்கிறது. ஆடிய ஆட்டம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு எந்த நாட்டு ஏஜென்ட் கைக்கும் அன்றே போய்ச் சேர்கிறது. வசையும் கூடவே இடம் மாறிவிட்டது. 1970, 80களில் கேலரியிலிருந்து குரங்கு ஒலி எழுப்பினார்கள். 1991இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. இன்று அது ஆட்டம் முடிந்து படுக்கப் போகிறவனின் கைக்குள்ளேயே வருகிறது. இதை எதிர்த்து 2021 ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்துக் கிளப்புகள் நான்கு நாள் சமூக வலைத்தளங்களைப் புறக்கணித்துப் பார்த்தன.

பெண்கள் பக்கம் வேறொரு வழி இருந்தது. சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்த கோல்கீப்பர் அதிதி சௌஹான், லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் போய், 2015இல் மூன்றாவது தட்டில் இருந்த வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் இடம் பிடித்தார். அங்கே படிப்புதான் பயணச்சீட்டு. மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டுக்கு அனுமதி கிடையாது என்பதால், அணிக்கே சம்பளம் வரத் தொடங்கினால் இந்த வழியும் அடைபடும்.

சம்பளம் என்றதும் இன்னொன்று. உலக ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்புரோ 2016இல் சுமார் 14,000 பேரிடம் விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், 41 சதவீதம் பேருக்குச் சம்பளம் தாமதமாக வந்திருந்தது; 45 சதவீதம் பேர் மாதம் ஆயிரம் டாலருக்குக் கீழே வாங்கினார்கள். இங்கிலாந்து கதவைச் சாத்தினாலும் பையன்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. கேள்விப்படாத நாட்டின் கேள்விப்படாத லீக்குகளுக்கு ஏஜென்ட் சொல்லை நம்பிப் பறக்கிறார்கள்.

அந்தப் பழைய முறை, ஆளைப் பார்த்துச் சேர்க்கும் முறை, நமக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது. கேரளத்து மலப்புரத்தின் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக ஆப்பிரிக்க இளைஞர்கள் வருகிறார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஊர் அவர்களை 'சுடானி' என்றே கூப்பிடுகிறது. 2018இல் அந்தப் பெயரிலேயே ஒரு மலையாளப் படமும் வந்தது. தேசிய சம்மேளனம் இந்த ஆட்டத்தை அங்கீகரிப்பதில்லை. தரவரிசை, புள்ளி எதுவும் யாரும் கேட்பதில்லை. நன்றாக ஆடினால் அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு. கால் முறிந்தால் மேலாளரின் மனசுதான் இன்ஷூரன்ஸ். 2024 மார்ச்சில் மலப்புரத்தின் அரீக்கோடு பக்கம் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருவரை ரசிகர் கூட்டம் துரத்தி அடித்தது; தன் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள் என்று அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். அடுத்த பருவத்துக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு இது வெளிநாட்டு ஒப்பந்தம்.