பனியனில் ஒரு பொட்டு ரத்தம்

எங்க அனுப்பர்பாளையத்தில் தெரிந்த தொழில் ரெண்டு: பாத்திரப் பட்டறை, பனியன் கம்பெனி. செக்கிங் மேசையில் வெள்ளைப் பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் பீஸைத் தனியாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதே கறை நாம் போட்டிருக்கும் பனியனில் இருந்தால்? துவைத்துக் காயப்போட்டு மறந்துவிடுவோம்.

அமெரிக்கப் பாடகி பியான்ஸேயின் அப்பா மேத்யூ நோல்ஸ் மறக்கவில்லை. சட்டையில் சின்ன ரத்தப் பொட்டு திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்து டாக்டரிடம் போனார். மேமோகிராம் எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய். 2019 அக்டோபரில் அதை அவரே வெளியில் சொன்னார்.

ஆம்பளைக்கு எப்படி? நம் பேச்சில் ஆணுக்கு இருப்பது 'நெஞ்சு', 'மார்பகம்' பெண்ணுக்குத்தான். ஆனால் ஆணுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்பகத் திசு உண்டு. மொத்த மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய 1 சதவீதம் ஆண்களுக்கு வருகிறது, பெரும்பாலும் 60 வயதை ஒட்டி. அரிதுதான். அதனாலேயே சூட்டுக் கட்டி என்று விட்டுவிட்டு, முற்றிய பிறகு வருகிறவர்கள் அதிகம்.

எல்லா வீக்கமும் புற்றுநோய் இல்லை. கைனகோமாஸ்டியா என்ற சாதாரண வீக்கம் காம்பைச் சுற்றி வட்டமாக, ரப்பர் மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்கலாம், இரண்டு பக்கமும் வரலாம். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், கல் மாதிரி, வலியில்லாமல் இருக்கும். வலியில்லை என்பதுதான் நம்மை ஏமாற்றும் விஷயம். காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, நீரோ ரத்தமோ கசிவது, ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது — இவையும் அறிகுறிகள்.

ஆனால் கை வைத்துப் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. டாக்டர் தொட்டுப் பார்ப்பார். மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்வார். சந்தேகம் என்றால் ஊசியால் துளித் திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார். உறுதியாகச் சொல்வது அந்த பயாப்ஸிதான். அதே திசுவில் ஹார்மோன் ஏற்பிகளையும் சோதிப்பார்கள். ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது பாசிட்டிவ். அதனால் டமாக்சிஃபென் மாத்திரை கைகொடுக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நோல்ஸுக்கு பிஆர்சிஏ2 மரபணுவில் பிறழ்வு இருந்தது. அப்படி உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா கூச்சப்பட்டு மறைத்தால், மகளுக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கையும் சேர்ந்தே மறைந்துபோகும்.

நாளைக்குக் குளிக்கும்போது சோப்புக் கையால் ஒரு தடவை நெஞ்சைத் தடவிப் பாருங்க. பனியனையும்தான்.