உங்களுக்குத் தெரியுமா? அனலில் ஹாட் டாக், மேலே அன்னாசி

● ஹவாயில், கவாய் தீவின் போய்பு பகுதியில் 'பூகா டாக்' என்றொரு கடை. அங்கே பன்னைக் கத்தியால் பிளப்பதில்லை. சூடான உலோகக் கம்பியில் செருகிவிடுகிறார்கள். கம்பி துளை போடும்போதே பன்னின் உட்புறமும் முறுகலாகிவிடும். அந்தத் துளைக்குள் பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்த சாஸ், மாம்பழத்திலோ அன்னாசியிலோ பப்பாளியிலோ செய்த ரெலிஷ், அனலில் வாட்டிய சாசேஜ். பழச்சாறு முழங்கை வரை வழிவதில்லை. பழத்தை மேலே குவித்துத் தரும் எந்த முறையையும்விட இதுதான் யோசித்துச் செய்த முறை.

● ஹவாய் என்றாலே நினைவுக்கு வரும் அந்தப் பழங்கள் எல்லாமே அங்கே வந்தேறியவை. அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. பப்பாளிக்கு மத்திய அமெரிக்கா. மா ஆசியாவிலிருந்து போனது. தென்னையையும் வாழையையும் பாலினேசியர்கள் படகில் கொண்டுவந்து நட்டார்கள்.

● அன்னாசி தின்றால் நாக்கு அரிக்கும். காரணம், அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி. புரதத்தைச் சிதைப்பதுதான் அதன் வேலை. சாசேஜைப் பச்சை அன்னாசிச் சாற்றில் வெகுநேரம் ஊறவைத்தால் மேல்பக்கம் கொழகொழத்துப் போவதும் இதனால்தான். நன்றாகச் சூடேறினால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் அதில் இந்த வேகம் இருக்காது. ஆகவே அன்னாசி வட்டங்களையும் சாசேஜுக்குப் பக்கத்திலேயே கம்பிவலையில் போட்டு வாட்டுங்கள். அரிப்பு அடங்கும், நீர் வற்றி இனிப்பு கூடும், புளிப்பு மட்டும் அப்படியே நின்று சாசேஜின் கொழுப்பை வெட்டும். அந்தப் புளிப்புக்காகத்தான் இந்தச் சேர்க்கையே! கறி சீக்கிரம் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய் அரைத்துப் போடுகிறோமே, அதிலுள்ள பப்பைனும் இதே வகை நொதிதான்.

● அனலில் சாசேஜ் வெடித்தால் நீளவாக்கில்தான் வெடிக்கும். உருளை வடிவப் பொருளுக்குள் அழுத்தம் ஏறும்போது, அதன் சுற்றளவை இழுக்கும் விசை நீளத்தை இழுக்கும் விசையைப் போல் இரு மடங்கு. பாய்லர்களையும் குழாய்களையும் வடிவமைக்கும் பொறியாளர்கள் போடும் கணக்கும் இதுவே. முன்கூட்டியே சுருள் சுருளாக மேலோட்டமாகக் கீறிவிட்டால் ஆவி வெளியேறும். பழத் துண்டுகளும் அந்தக் கீறல்களில் பிடித்து நிற்கும்.

● பழத்திலுள்ள ஃபிரக்டோஸ் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸிலேயே பழுப்பேறத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரைக்கு 160 டிகிரி வேண்டும். ஆகவே மாம்பழ சாஸை முதலிலேயே தடவினால் கருகிக் கசப்புத்தான் மிஞ்சும். இறக்குவதற்குச் சற்று முன் தடவினால் போதும்.

● கொலம்பியாவின் தெருக் கடைகளில் ஹாட் டாக் மீது அன்னாசி சாஸ், நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ், அவித்த காடை முட்டை!

● பாக்கெட்டில் வரும் ஹாட் டாக் முன்பே வேகவைக்கப்பட்டதுதான். இருந்தாலும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பெட்டிக்குள்ளும் பெருகும். கர்ப்பிணிகளும் முதியோரும் உட்பக்கம் 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை சூடாக்கியே சாப்பிட வேண்டும் என்கிறது அமெரிக்க அரசின் அறிவுரை. மேலே கோடு விழுந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள்.

● காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் சுடப்படும் தேங்காய்த் தொட்டிக்கரி, தண்ணீர் சுத்திகரிக்கும் செயலூட்டிய கரியாக மாறுவது பலருக்கும் தெரியும். அதே தொட்டிக்கரியைப் பொடித்துக் கட்டியாக அழுத்தினால் கிரில் அடுப்புக்கு அருமையான எரிபொருள். புகை குறைவு, அனல் நீடிக்கும்.

● பறித்த பின் மாங்காய் பழுக்கும்; அன்னாசி பழுக்காது. சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து அதனிடம் சேமிப்பில் இல்லை. வைத்திருந்தால் நிறம் மாறும், மெத்தென்று ஆகும், இனிப்பு மட்டும் ஏறவே ஏறாது. வாங்கும்போதே அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். மணம் இல்லாத அன்னாசியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.