காற்றில் ஊரும் நஞ்சைப் பிடிக்கும் நுரைப்பஞ்சு

இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள். பெரியது மேலே கவிழ்ந்திருக்கும். சிறியது கீழே நிமிர்ந்திருக்கும். நடுவில் காற்று நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. உள்ளே 14 செ.மீ. விட்டமுள்ள ஒரு பாலியூரித்தேன் நுரை வட்டு. சோபாவுக்குள் வைத்துத் தைப்பார்களே, அந்த வகைப் பஞ்சுதான். மோட்டார் கிடையாது, மின்சாரம் வேண்டாம், அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. கம்பத்தில் மாட்டிவிட்டுப் போய், மூன்று மாதம் கழித்து வந்து பஞ்சை எடுத்துக்கொள்வார்கள். 'பேசிவ் சாம்ப்ளர்' என்று ஆய்வாளர்கள் சொல்லும் இந்தக் கருவியை வைத்து, கனடா நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2004 டிசம்பரில் ஓர் உலகளாவிய கண்காணிப்பைத் தொடங்கியது. ஏழு கண்டங்களிலும், ஒரே காலத்தில், ஒரே வகைப் பஞ்சு.

அது தேடுவது புகையையோ தூசியையோ அல்ல. டிடிடி, எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிக்கொல்லிகளையும், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கலந்திருந்த பிசிபி போன்ற ஆலைப் பொருள்களையும் தேடுகிறது. மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாதவை இவை. அலமாரியில் போட்ட அந்துருண்டை யாரும் தொடாமலே கரைந்து காணாமல் போவதுபோல, இவையும் வெயில் பட்ட நிலத்திலிருந்து மெல்ல ஆவியாகும். குளிர்ந்த இடத்தில் மறுபடி படியும். அடுத்த கோடையில் அங்கிருந்தும் கிளம்பும். இப்படித் தங்கித் தங்கி நகர்ந்து, ஆவியாகும் அளவுக்குச் சூடு இல்லாத துருவப் பகுதிகளில் போய்ச் சேரும்.

காற்றில் மிதந்து வரும் இந்த மூலக்கூறுகள் பஞ்சைத் தொட்டதும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. மழையும் வெயிலும் படாமல் கிண்ணங்கள் காக்கின்றன. வேகமாக அடிக்கும் காற்றையும் மட்டுப்படுத்தி உள்ளே விடுகின்றன. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 கன மீட்டர் காற்றில் உள்ள நஞ்சை ஒரு வட்டு பிடித்துவைக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் குன்றின் மேலே வைத்த பஞ்சும் தோப்புக்குள் வைத்த பஞ்சும் ஒரே வேகத்தில் உறிஞ்சாது. மீட்டர் இல்லாத கருவியில் அந்த வேறுபாட்டை எப்படி அறிவது? இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இந்தக் கருவியிலேயே மிகவும் பிடித்தது. இயற்கைக் காற்றில் இல்லாத, அடையாளமிட்ட சில பொருள்களைத் துல்லியமாக அளந்து, மாட்டுவதற்கு முன்பே பஞ்சில் ஏற்றிவிடுகிறார்கள். நஞ்சு எந்த வேகத்தில் உள்ளே வருகிறதோ அதற்கு ஈடான வேகத்தில் இவை வெளியேறும். மூன்று மாதம் கழித்து இவற்றில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால், அந்தப் பஞ்சு எவ்வளவு காற்றைக் கண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அளக்க வேண்டியதோ பிகோகிராம் கணக்கில். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதனால் சுத்தம்தான் இங்கே பெரிய வேலை. பஞ்சைக் கரைப்பானில் பலமுறை கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, கண்ணாடி ஜாடியில் மூடி எடுத்துப் போகிறார்கள். வெறுங்கையால் தொடக் கூடாது. கூடவே இன்னொரு வட்டையும் கொண்டுபோய், அங்கே ஒரு நிமிடம் திறந்து காட்டிவிட்டு அப்படியே மூடித் திரும்பக் கொண்டுவருவார்கள். அதில் தென்படும் அழுக்கு, வழியில் ஒட்டியது; அதைக் கழித்த பிறகே மற்றதைக் கணக்கில் எடுப்பார்கள்.

இந்தக் கருவிக்குக் குறையும் உண்டு. பக்கத்து வயலில் மருந்தடித்த அன்றைய உச்சத்தை அது காட்டாது. மூன்று மாதச் சராசரியைத்தான் சொல்லும். தெளிப்பு நாளில் அங்கே வேலை செய்தவர் எவ்வளவு சுவாசித்தார் என்று அறிய, மோட்டார் வைத்துக் காற்றை இழுக்கும் கருவிதான் வேண்டும். அதே சமயம் அந்தச் சராசரிக்குள்ளும் சாட்சியம் நிறைய இருக்கிறது. டிடிடி மண்ணில் கிடந்து பழசானால் டிடிஇ ஆக மாறும். பஞ்சில் டிடிஇ கூடுதலாக இருந்தால் பழைய எச்சம். டிடிடி-யே மிகுந்திருந்தால் யாரோ அண்மையில் தெளித்திருக்கிறார்கள்.

பஞ்சு வட்டுகளுக்கு முன்பே துருவம் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. 1980-களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் எரிக் டெவாய் என்ற மருத்துவர் தாய்ப்பாலில் பிசிபி அளவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, தொழிற்சாலையே இல்லாத வடகோடியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலை எடுத்தார். தூய்மையாக இருக்கும் என்று நினைத்த அந்தப் பாலில் தெற்கத்திப் பெண்களின் பாலில் இருந்ததைப்போல் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. கடல்நாய், திமிங்கிலக் கொழுப்பு வழியே உணவில் வந்த நஞ்சு அது. அந்த நஞ்சைப் பயன்படுத்தியவர்கள் வேறு யாரோ. சுமந்தவர்கள் அந்தத் தாய்மார். பின்னர் காற்றையும் கண்காணிக்கத் தொடங்கினார்கள்: 1992 முதல், வட துருவத்திலிருந்து 800 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கனடாவின் அலர்ட் நிலையத்தில் காற்றை இழுத்து அளக்கிறார்கள்.

இந்தக் கதையில் நம் பரங்கிப்பேட்டைக்கும் இடம் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் அங்குள்ள கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் வெள்ளாற்றுப் பகுதியில் எச்சிஎச்-ஐ அளந்தார்கள். நம் விவசாயிகள் 'பி.எச்.சி. பவுடர்' என்று வயலில் தூவியது அதைத்தான். நெல் பருவத்தில் காற்றில் அதன் அளவு ஏறியது. வயலில் இட்டதில் ஆற்றோடு கடலுக்குப் போனது சொற்பம். பெரும்பகுதி ஆவியாகிக் காற்றோடு போய்விட்டது. வெப்பமண்டலத்தில் நஞ்சு நிலத்தில் கொஞ்ச காலமே நிற்கிறது என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியாது. அது வேறொருவர் நாட்டுக்குக் கிளம்பிவிட்டது என்றுதான் பொருள். சீனா 1983-இலும் இந்தியா 1997-இலும் எச்சிஎச்-ஐத் தடை செய்தன. பயன்பாடு குறையக் குறைய, ஆர்க்டிக் காற்றிலும் அது குறைந்துவந்தது.

உலகளாவிய பஞ்சு வட்டுகளின் முதல் முடிவுகளில் மற்றப் பூச்சிக்கொல்லிகளைவிட ஓங்கி நின்றது எண்டோசல்ஃபான். நெடுந்தூரம் போகிறது என்று நிரூபிக்காமல் எந்தப் பொருளையும், சிதையாத நஞ்சுகளை உலகளவில் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்க முடியாது. துருவக் காற்றின் அளவீடுகள் அந்த நிரூபணத்துக்கு உதவின. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த அதே மருந்து, 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் அந்தப் பட்டியலில் ஏறியது. அடுத்த மாதமே நம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது.

அதே 2011-இல் அலர்ட் நிலையத்தின் பதிவுகளையும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள ஸெப்பலின் நிலையத்தின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று வெளியானது. கடல்பனி விலகி நீர் சூடாகும்போது, முன்பு அங்கே படிந்து அடங்கிய நஞ்சுகள் மறுபடி காற்றுக்கு ஏறுகின்றன என்று அது காட்டியது. பல ஆண்டு இறக்கத்துக்குள் ஒளிந்திருந்த அந்தச் சிறு ஏற்றத்தைப் பிரித்துக் காண, இரண்டு நிலையங்களிலும் 1990-களின் தொடக்கம் முதல் ஆண்டு தவறாமல் எடுத்துவைத்த அளவுகள் தேவைப்பட்டன.